காத்திருக்கும் கருவி

ஓசூரிலிருந்து இராயக்கோட்டைக்குச் செல்லும் நெடுவழியில் சானமாவு என்னும் சிற்றூரும், அவ்வூரின் பெயரால் வழங்கும் காப்புக்காடும் உள்ளன. ஒருபால் கேழ்வரகு விளையும் நிலம். மற்றொருபால் மரம் செறிந்த காடு. சற்று அப்பால் ஊர்திகளும் பொறிகளும் செய்யும் தொழிற்சாலைகள். கேழ்வரகு முற்றும் பருவத்தில் யானைக் கூட்டம் இக்காட்டில் வந்து தங்குதல் உண்டு. தமிழும் தெலுங்கும் கன்னடமும் ஒரே தெருவில் கலந்து ஒலிக்கும் எல்லைப்புறம் இது.

காலைப் பொழுதில் இவ்வழியே செல்வோர் கைகளின் சிறப்பைக் காண்பர். கதிர் அறுக்கும் கை, ரோசா மலர் கொய்யும் கை, பொறியை முடுக்கும் கை, பள்ளியில் ஏடு புரட்டும் கை என எங்கு நோக்கினும் கைகளே உலகை நடத்துவன போலத் தோன்றும். ஆயின், தன் கை தன் ஏவலுக்கு இணங்காத குழந்தையும் இவ்வுலகில் உண்டு. எழுத நினைத்தால் கை வேறு திசையில் செல்லும். பேச நினைத்தால் நா புரளாது. உள்ளத்தில் எழுந்த எண்ணம் வெளிவர வழியின்றி உள்ளேயே நின்றுவிடும். அத்தகைய குழந்தை எங்ஙனம் கற்பது? கற்றதை எங்ஙனம் பிறர்க்குக் காட்டுவது?

இவ்வினாவை யான் நூலிற் கற்றேன் அல்லேன். ஒரு சிறுவனிடம் கற்றேன். பல்லாண்டுகளுக்கு முன் இப்பகுதியில் ஒரு பள்ளியில் யான் தமிழாசிரியனாய் இருந்தேன். அவ்வகுப்பின் கடைசிப் பலகையில் மெலிந்த சிறுவன் ஒருவன் அமர்ந்திருப்பான். அன்னை நாள்தோறும் அவனை இடுப்பில் சுமந்து வந்து அமர்த்திச் செல்வாள். அவன் கைகள் தாமே அசையும். கழுத்து ஒருபுறம் சாயும். சுண்ணக்கோலைப் பற்ற இயலாது. அவன் எழுப்பும் ஒலி எனக்கு விளங்காது. “ஐயா, வீட்டில் சொல்வதையெல்லாம் நன்றாகப் புரிந்துகொள்கிறான்” என்று அவ்வன்னை ஒருமுறை கூறினாள். தாயன்பு அங்ஙனம் கூறச் செய்கிறது என்று எண்ணி, யான் தலையசைத்து அமைந்தேன்.

ஒருநாள் எழுத்திலக்கணம் நடத்தினேன். வல்லின எழுத்துகளைக் கூறுமாறு மாணவன் ஒருவனைப் பணித்தேன். அவன் “க, ச, ட, த, ப” என்று ஐந்தோடு நிறுத்தினான். என் கருத்து வேறெங்கோ இருந்தமையால், “சரி, அமர்க” என்றேன். அப்போது கடைசிப் பலகையிலிருந்து ஓர் உரத்த ஒலி எழுந்தது. அச்சிறுவன் முழங்கையால் பலகையை அறைந்து மீண்டும் மீண்டும் ஒலி எழுப்பினான். வகுப்பு நகைத்தது. யான் அவனை அதட்டி அடக்கினேன். மணி அடித்தபின் அவன் அருகில் அமரும் தோழன் என்னிடம் வந்து, “ஐயா, அவன் கத்தவில்லை, ‘ற’ விட்டுப்போயிற்று என்று சொன்னான்” என்றான்.

யான் நாணித் தலைகுனிந்தேன். நாற்பது பேர் இருந்த வகுப்பில், ஆசிரியனாகிய என்னையும் உள்ளிட்டு, ஆறாம் எழுத்து விடுபட்டதை உணர்ந்து கூறியவன் அவன் ஒருவனே. அவன் மொழி அருகில் இருந்த தோழனுக்கு விளங்கியது. தொலைவில் நின்ற எனக்கு விளங்கவில்லை. மறுநாள் அவனை அழைத்து வினவலாம் என்று இருந்தேன். அவ்வாரம் காட்டில் யானைகள் வந்து தங்கின. மகனைச் சுமந்து அவ்வழியே வர அன்னை அஞ்சினாள். பின்னர் அக்குடும்பம் வேலை தேடி வேற்றூர் சென்றது. அவனிடம் மற்றொரு வினாக் கேட்கும் பேறு எனக்கு வாய்க்கவில்லை.

அவனுக்கு இருந்த குறையை மருத்துவர் மூளை முடக்குவாதம் என்பர். வளரும் மூளையில், பிறப்பதற்கு முன்னரோ, பிறக்கும் போதோ, பிறந்த பின் குழந்தைப் பருவத்திலோ நேரும் சேதத்தால் இது உண்டாகிறது. ஒருவரிடமிருந்து ஒருவர்க்குத் தொற்றுவது அன்று. மூளையிலிருந்து தசைகளுக்குச் செல்லும் ஏவல் பிழைபடுவதால், சிலர்க்குத் தசை விறைக்கும். சிலர்க்கு உறுப்புகள் தாமே அசையும். சிலர்க்கு நிலைகொண்டு நிற்றல் அரிதாகும். நாவும் உதடும் தசைகளே ஆதலின், பேச்சும் குழறும். லிட்டில் என்னும் ஆங்கில மருத்துவர் 19ஆம் நூற்றாண்டில் இதனை ஆராய்ந்து விளக்கினார். இக்குழந்தைகளுள் சிலர்க்கு அறிவு வளர்ச்சியிலும் தடை இருத்தல் கூடும். பலர்க்கோ அறிவு பிறரைப் போலவே தெளிவாய் இருக்கும். கையையும் நாவையும் கொண்டு அறிவை அளப்பவர் இவ்விருவரையும் வேறுபடுத்தி அறிய மாட்டார். அவ்வளவுகோலையே யானும் கையாண்டேன்.

கை எழுதாது, நா பேசாது எனின், அறிவு வெளிவர வேறு வாயில் வேண்டும். அவ்வாயிலை அமைக்கும் பணியில் பொறியியல் கற்றோர் பலர் இன்று ஈடுபட்டுள்ளனர். அவருள் மாணவராய் இருக்கும்போதே முயன்றோரும் உளர்.

நம் தமிழகத்திலேயே இதற்குச் சான்று உண்டு. சென்னையில் 1985ஆம் ஆண்டு பூனம் நடராசன் அம்மையார் மூளை முடக்குவாதம் உடைய குழந்தைகளுக்கென ஒரு நிறுவனம் தொடங்கினார். அது பின்னர் வித்யாசாகர் எனப் பெயர் பெற்றது. சென்னை ஐ.ஐ.டி.யில் மின்பொறியியல் பயின்ற அஜித் நாராயணன் என்பார் இக்குழந்தைகளின் தேவையை அந்நிறுவனத்தின் வாயிலாக அறிந்து, ‘ஆவாஸ்’ என்னும் கருவியை உருவாக்கினார். ஆவாஸ் என்னும் சொல்லுக்கு இந்தியில் குரல் என்பது பொருள். திரையில் தோன்றும் படங்களையும் சொற்களையும் குழந்தை தேர்ந்தெடுக்கக் கருவி அவற்றை உரக்கப் பேசும். முதலில் தனிக்கருவியாய் இருந்த அது, பின்னர்க் கைக்கணினியில் இயங்கும் மென்பொருளாயிற்று. இத்தொண்டின் பொருட்டு அஜித் நாராயணன் 2011ஆம் ஆண்டில் உலகின் சிறந்த இளம் புதுமையாளர் 35 பேருள் ஒருவராக அமெரிக்க இதழ் ஒன்றால் தேர்ந்தெடுக்கப்பட்டார். அதே ஐ.ஐ.டி.யின் பேராசிரியர் அனில் பிரபாகர் முதலானோர், அழுத்த வேண்டாது கையை அருகிற் கொணர்ந்த அளவிலேயே இயங்கும் ‘அதிதி’ என்னும் விசையை ஆக்கினர். கரக்பூர் ஐ.ஐ.டி.யில் பேராசிரியர் அனுபம் பாசு குழுவினர் படக்குறிகளைக் கொண்டு வாக்கியம் அமைக்கும் ‘சன்யோக்’ என்னும் மென்பொருளைப் படைத்தனர்.

கடல் கடந்த நாடுகளிலும் இத்தகைய முயற்சிகள் நிகழ்ந்துள்ளன. இங்கிலாந்தின் கேம்பிரிட்சுப் பல்கலைக்கழகத்தில் ஆராய்ச்சி மாணவராய் இருந்த டேவிட் வார்டு, தம் ஆசிரியர் டேவிட் மெக்கேயுடன் சேர்ந்து ‘டாசர்’ என்னும் மென்பொருளை இயற்றினார். திரையில் எழுத்துகள் விரைந்து வரும். அவற்றுள் வேண்டியதை நோக்கிச் செலுத்தினால் போதும்; கண்ணின் பார்வையாலேயே எழுதலாம். 2002ஆம் ஆண்டில் அம்முறை ‘நேச்சர்’ என்னும் அறிவியல் இதழில் வெளியாயிற்று. வால்ட் வோல்டோசு என்னும் அமெரிக்கப் பொறியாளர், தசை செயலிழந்து பேச்சிழந்த தம் மாமியாருக்கென ஒரு மென்பொருள் எழுதினார். 1985ஆம் ஆண்டில் பேச்சை இழந்த அறிவியலறிஞர் ஸ்டீபன் ஹாக்கிங் அம்மென்பொருளைக் கொண்டே மீண்டும் உலகோடு உரையாடினார். ஒரு குடும்பத்தில் ஒருவர்க்கெனச் செய்யப்பட்ட கருவி, விண்ணை ஆராய்ந்த ஒருவரின் குரலாயிற்று.

இனி, இக்கருவிகள் எவ்வாறு இயங்குகின்றன என்பதைக் காண்போம். குழந்தையால் உடலில் ஏதேனும் ஓரிடத்தை மட்டும் விரும்பியவாறு அசைக்க இயலும் என்று கொள்வோம். அது விரலாக இருக்கலாம், முழங்கையாக இருக்கலாம், கன்னமாகவும் இருக்கலாம். அவ்விடத்தில் ஒரு விசையைப் பொருத்துவர். திரையில் எழுத்துகள் வரிசையாய் நிற்கும். ஒளி ஒன்று ஓர் எழுத்திலிருந்து அடுத்த எழுத்துக்கு மெல்ல நகர்ந்து செல்லும். வேண்டிய எழுத்தில் ஒளி வந்து நிற்கும்போது குழந்தை விசையை இயக்கும். அவ்வெழுத்து ஏட்டில் பதியும். ஓடி ஓடித் தேடுவது கருவியின் வேலை; “இதுவே” என்று கூறுவது மட்டுமே குழந்தையின் வேலை. இம்முறையின் உயிர்நிலை, கருவி குழந்தைக்காகக் காத்திருத்தல் ஆகும்.

தமிழில் இம்முறையை அமைக்கப் புகுவார்க்கு ஓர் இடர் எதிர்ப்படும். நம் எழுத்துகள் 247. அவற்றுள் உயிர்மெய் மட்டும் 216. இவற்றை நெடுங்கணக்கு முறையில் ஒரே வரிசையாய் நிறுத்தி, நொடிக்கு ஓர் எழுத்தாக ஒளி நகரச் செய்தால் என்னாகும்? ‘பூ’ என்னும் ஓரெழுத்து ஒரு மொழியை எழுத விரும்பும் குழந்தையை நினைமின். பகரத்துக்கு முன் எட்டு மெய்கள் உள்ளன. ஒவ்வொன்றுக்கும் பன்னிரண்டு எழுத்தாக 96 எழுத்துகள் கழிய வேண்டும். பகர வரிசையில் ‘பூ’ ஆறாவது. ஆகவே 102ஆம் நொடியில்தான் ஒளி அதனைச் சேரும். ஒரு மலரின் பெயரை எழுத ஒன்றரை மணித்துளிக்கு மேல் ஆகுமாயின், ஒரு வாக்கியம் எழுதுவது எப்போது?

இவ்விடத்தில் நம் இலக்கணம் கைகொடுக்கிறது. உயிர்மெய் என்பது மெய்யும் உயிரும் கூடிய எழுத்து என்று தொல்காப்பியம் முதலிய நூல்கள் நமக்குக் கற்பித்துள்ளன. ஆதலின் முதலில் மெய்யையும் பின்னர் உயிரையும் தேர்ந்தெடுக்கச் செய்யலாம். பகரம் மெய்களுள் ஒன்பதாவது; ஊகாரம் உயிர்களுள் ஆறாவது. 9உம் 6உம் கூட்ட 15 நொடி போதும். மெய்களை வல்லினம், மெல்லினம், இடையினம் என மூன்றாகவும், உயிர்களைக் குறில், நெடில் என இரண்டாகவும் வகுத்துக்கொண்டால் இன்னும் விரையலாம். வல்லினம் முதல் இனம். அதனுள் பகரம் ஐந்தாவது. நெடில் இரண்டாம் வகை. அதனுள் ஊகாரம் மூன்றாவது. 1, 5, 2, 3 ஆகியவற்றைக் கூட்டினால் 11 நொடி ஆகும். தேர்வுக்கென்று மனப்பாடம் செய்து மறக்கும் இலக்கணப் பாகுபாடு, கை வழங்காத குழந்தைக்கு ஏணியாய் அமைவதைப் பாருங்கள்!

ஆயினும் இக்கணக்கோடு முடிவு கட்டிவிடலாகாது. முதல் முறையில் குழந்தை விசையை இயக்க வேண்டியது ஒருமுறை, இரண்டாவதில் இருமுறை, மூன்றாவதிலோ நான்கு முறை. ஒருமுறை விசையை இயக்குவதற்கே உடல் முழுதும் வருந்தும் குழந்தைக்கு நான்கு முறை இயக்குதல் பெருஞ்சுமை. அதற்கு 11 நொடியினும் 15 நொடியே எளிது. கையை எளிதில் அசைக்கவல்ல மற்றொரு குழந்தைக்கு விரைவான முறையே இனிது. எது நன்று என்பதைக் கணக்குக் கூறாது. அக்குழந்தையே கூறல் வேண்டும்.

ஆகவே, மாணவச் செல்வர்காள்! நாளை உங்களுள் ஒருவர் இத்தகைய மென்பொருளை இயற்ற விழைந்தால், முதலிற் செய்யத்தக்கது கணினியின் முன் அமர்தல் அன்று. குழந்தையின் அருகில் அமர்தல். அது எவ்வாறு அமர்கிறது, எவ்வுறுப்பை நன்கு அசைக்கிறது, எப்போது களைப்படைகிறது, “ஆம்” என்பதற்கும் “இல்லை” என்பதற்கும் எவ்வாறு குறி காட்டுகிறது என்பவற்றை நோக்குக. பெற்றோரையும், பயிற்சி அளிப்போரையும், உடன் விளையாடும் தோழரையும் வினவுக. என் வகுப்பில் அச்சிறுவனின் மொழியை அறிந்தவன் அவன் அருகில் அமர்ந்த தோழனே என்பதை மறவற்க.

இரண்டாவது, காலத்தைக் குழந்தையின் கையில் கொடுக்க வேண்டும். ஒளி நகரும் விரைவைக் கூட்டவும் குறைக்கவும் இயலுதல் இன்றியமையாதது. நடுங்கும் கை விசையை ஒருமுறைக்கு இருமுறை தொடுதல் இயல்பு. அடுத்தடுத்து நேரும் தொடுகையைக் கருவி தானே புறக்கணித்தல் வேண்டும். தவறி விழுந்த எழுத்தை ஒரே அசைவில் நீக்க வழி வேண்டும். பிழைக்கு ஒறுப்பதும், நேரம் முடிந்தது என்று கூறிப் பக்கத்தை மூடுவதும் இக்குழந்தைகளுக்கான மென்பொருளில் ஆகா.

மூன்றாவது, மொழி. சானமாவுப் பகுதியில் வீட்டில் தெலுங்கோ கன்னடமோ பேசிப் பள்ளியில் தமிழ் பயிலும் குழந்தைகள் பலர். பாடத்துக்குரிய சொற்கள் தமிழில் இருத்தல் நன்று; ஆயின் தாயிடம் தண்ணீர் வேண்டும் என்று கேட்கும் சொல் தாய் அறிந்த மொழியில் ஒலிக்க வேண்டும். எழுத்தை ஒலியாக மாற்றும் மென்பொருள்களை இந்திய மொழிகளுக்கென ஆக்கும் பணியில், சென்னை ஐ.ஐ.டி.ப் பேராசிரியர் ஹேமா மூர்த்தி முதலானோர் பல ஆண்டுகள் உழைத்துள்ளனர். ஆதலின் ஒரே கருவி இரு மொழியில் பேசுதல் அரிதன்று.

நான்காவது, நிலைபேறு. மாணவர் இயற்றும் கருவிகளுக்கு ஒரு பொதுக்குறை உண்டு. கண்காட்சியில் வைக்கப்படும், பாராட்டும் மதிப்பெண்ணும் பெறும், பின்னர்ப் பரணில் ஏறும். ஒருமுறை குரல் பெற்ற குழந்தை அதனை மீண்டும் இழத்தல், முன்பே பெறாதிருத்தலினும் கொடிது. பழுது நேர்ந்தால் ஊரிலேயே சீர்செய்யத்தக்க எளிய கருவியாய், ஏழையும் வாங்கத்தக்க விலையில், தாமும் சென்றபின் பிறர் தொடர்ந்து காக்கத்தக்கதாய் அதனை அமைத்தல் வேண்டும்.

கருவி ஒன்றே எல்லாம் செய்துவிடும் என்று எண்ணுதலும் பிழை. சாய்ந்து விழும் குழந்தைக்கு முதலில் பொருத்தமான இருக்கை வேண்டும். உடற்பயிற்சியும் பேச்சுப் பயிற்சியும் வேண்டும். பள்ளிக்கு வர ஊர்தியும், உள்ளே நுழையச் சாய்தளமும் வேண்டும். இவை இரக்கத்தால் இடும் பிச்சை அல்ல, உரிமைகள். 2016ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம், இக்குழந்தைகளும் பிற குழந்தைகளோடு ஒருங்கிருந்து கற்க வகைசெய்யுமாறு பணிக்கிறது. தேர்வில் கூடுதல் நேரமும், எழுதித் தருவோர் உதவியும் அளிக்குமாறு கூறுகிறது. கூடுதல் நேரம் என்பது சலுகை போலத் தோன்றும். நொடிக்கு ஓரெழுத்தாக நகரும் ஒளியை எண்ணிப் பார்த்தவர் அங்ஙனம் கூறார்.

கருவி காத்திருந்தும் மாந்தர் காத்திராவிடின் பயன் இல்லை. குழந்தை ஒரு சொல்லை அமைத்து முடிப்பதற்குள் நாமே விடையைக் கூறிவிடுகிறோம். அல்லது வேறு ஒருவனிடம் வினாவைத் திருப்பிவிடுகிறோம். பதினைந்து நொடி பேசாதிருத்தல் பலர்க்கும் அரிதாய் இருக்கிறது. ஆசிரியரும் மாணவரும் அப்பதினைந்து நொடி அமைதியைப் பழகிக்கொள்வாராயின், கருவியின் பயன் முழுமை பெறும். இதற்குப் பொறியியல் அறிவு வேண்டா. பொறுமை ஒன்றே போதும்.

யான் பணியினின்று ஓய்வு பெற்றுவிட்டேன். ஆயினும் வல்லின எழுத்துகளை யாரேனும் ஓதக் கேட்டால், அக்கடைசிப் பலகை இன்றும் என் கண்முன் தோன்றுகிறது. அன்று அவன் முழங்கையின்கீழ் ஒரு விசையும், எதிரே ஒரு திரையும் இருந்திருக்குமாயின் என்ன நேர்ந்திருக்கும்? ஒளி ககரத்தில் தோன்றி, சகரம், டகரம், தகரம், பகரம் ஆகியவற்றைக் கடந்து, ஆறாம் இடத்தில் வந்து நின்றிருக்கும். அவன் முழங்கை அசைந்திருக்கும். ‘ற’ என்னும் எழுத்தை வகுப்பு முழுதும் கேட்டிருக்கும், எவரும் நகைத்திரார்.

அவனைப் போன்ற குழந்தைகள் இன்றும் நம் ஊர்களில் உள்ளனர். அவர்கள் கூறும் ஆறாம் எழுத்தைக் கேட்கும் வாய்ப்பை யான் தவறவிட்டேன். நீங்கள் தவறவிடாதீர்கள்.